ஜோசலின் வீட்டுக்குப் போகும் நாடகம்

2024 ஆகஸ்ட் 3, சனி

எதிர் ஃபிளாட் மாமி லிஃப்டில் பிடித்துக்கொண்டாள். "சனிக்கிழமை ஆனா பையைத் தூக்கிண்டு எங்கே கிளம்பிடறே அபிதா?" மாடம்பாக்கத்தில் ஒரு இல்லம் இருக்கிறது, மனநோய் வந்து சரியான பெண்கள் தங்கியிருக்கிறார்கள், அவர்களுக்கு நாடகம் சொல்லிக்கொடுக்கிறேன் என்றேன்.

"சரியாயிடுத்துன்னா ஏன் இன்னும் அங்கே இருக்கா?"

நல்ல கேள்வி. நாலு வருஷமாகப் போய்வருகிற எனக்கே பதில் தெரியாத கேள்வி. லிஃப்ட் தரைக்கு வந்ததால் தப்பித்தேன்.

ஜோசலினிடம் கேட்டால் ஒரே சொல்லில் பதில் சொல்வாள்: அண்ணன். சேலையூரில் வீடு. இல்லத்திலிருந்து ஆட்டோவில் கால் மணி நேரம்கூட ஆகாது. பி.காம். படித்தவள், முப்பத்தெட்டு வயசு, நான் இதுவரை சொல்லிக்கொடுத்தவர்களில் கெட்டிக்காரி. நோய் முற்றியிருந்த சமயம் வீட்டுச் சாமான்களையெல்லாம் தெருவில் வீசி, தடுக்க வந்த அண்ணன் கையில் கத்தரிக்கோலால் குத்திவிட்டாள். அதன் பிறகு ஒன்பது வருஷமாக இல்லம்தான். நோய் அடங்கியே பல வருஷம் ஆகிவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அண்ணன் மாதாமாதம் பணம் கட்டுவதில் தவறுவதே இல்லை. வந்து பார்ப்பதில்தான் தவறு.

ஆகஸ்ட் 17, சனி

அக்டோபர் பத்து மனநல தினம். அன்றைக்குக் குடும்பங்களைக் கூப்பிடப் போகிறோம், ஒரு நாடகம் போடுங்கள் என்றாள் கிருபா. இல்லத்தின் வார்டன். பேசும்போதே நாலு வேலை பார்க்கிறவள்.

நான் பதில் சொல்லும் முன் ஜோசலின் சொல்லிவிட்டாள். "போடலாம்க்கா. அண்ணன் ஒருதரம் வந்து என்னைப் பார்த்தான்னா போதும். கூட்டிட்டுப் போயிடுவான். அம்மா படுத்த படுக்கையா இருக்காங்களாம். கிறிஸ்துமஸுக்கு நான் அங்க இருக்கணும்."

வெளியே வந்து கிருபாவிடம் கேட்டேன், அண்ணன் சம்மதம் இல்லாமல் அவள் போகவே முடியாதா என்று. "சட்டப்படி தடை எதுவும் இல்ல மேடம். அவளே கையெழுத்துப் போட்டுட்டுப் போகலாம். போய் எந்த வாசல்ல நிப்பா?"

ஆகஸ்ட் 24, சனி

இன்று சிரித்துச் சிரித்து வயிறு வலி. வீட்டுக்குத் திரும்பிப் போனால் என்ன நடக்கும், ஆளுக்கொன்று சொல்லுங்கள் என்றேன். ஒருமுறை வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தவள் கன்னியம்மா. அவள் ஆரம்பித்தாள்.

"நான் போனன்னிக்கே எங்க மாமியா அருவாமனைய ஒளிச்சி வச்சிக்கிச்சுக்கா. காய் நறுக்கணும்னா முறத்த எடுத்துக்கினு பக்கத்து வூட்டுக்குப் போவும். பக்கத்து வூட்டம்மா, இன்னா உன் வூட்ல அருவாமனை இல்லியான்னு கேட்டுச்சு. கீது, ஆனா இல்லன்னிச்சு."

இதை அப்படியே காட்சியாக வைத்துக்கொண்டோம். ஒருத்தி பலமாகச் சிரித்தால் மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வது, தூங்கினால் மாத்திரை கூடிவிட்டதோ, தூங்காவிட்டால் மாத்திரையைத் துப்பிவிட்டாளோ என்று கவலைப்படுவது. எல்லாம் இவர்கள் சொன்னதுதான். நான் கோத்துக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

செப்டம்பர் 14, சனி

எனக்கு ஒரு யோசனை வந்திருக்கிறது. நேற்றிலிருந்து நிலைகொள்ளவில்லை.

நோயோடு இருந்தவளையும் குணமானவளையும் ஜோசலினே நடிப்பாள். இடையில் திரை கிடையாது, உடை மாற்றுவது கிடையாது. ஆட்டத்தின் உச்சத்தில் முதுகைத் திருப்புவாள், ஒரு மூச்சு இழுப்பாள், திரும்புவாள். வேறு ஆள். பார்க்கிறவர்களுக்கு அந்த ஒரு மூச்சில் புரிந்துவிட வேண்டும்: இரண்டும் ஒரே பெண்தான், நோய் வந்தது, போனது, ஆள் அப்படியே இருக்கிறாள்.

ஜோசலின் செய்து காட்டினாள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்தப் பக்கமாக வந்த டாக்டர் ஏகநாதனுக்குத்தான் பிடிக்கவில்லை. "பழச எதுக்கு மேடம் கிளறறீங்க?" என்றார். மருந்துச் சீட்டுக்கு வெளியே உலகம் இருப்பதே இவருக்குத் தெரியாது என்று மனசுக்குள் வைதேன்.

இருந்தாலும் அவளிடம் கேட்டேன், பயமாக இல்லையா என்று. "அப்ப அது என்னைப் பண்ணுச்சுக்கா. இப்ப அதை நான் பண்றேன்."

இதைவிட ஒரு வாத்தியாருக்கு என்ன வேண்டும்.

செப்டம்பர் 28, சனி

அண்ணன் வருவதாகச் சொல்லிவிட்டார். ஜோசலின் துணிமணிகளைப் பைக்குள் அடுக்க ஆரம்பித்துவிட்டாள் என்று கிருபா முகம் சுளித்தாள். அடுக்கட்டுமே.

அக்டோபர் 10, வியாழன்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் இன்றே எழுதிவிட வேண்டும். நாளைக்கென்றால் எனக்குச் சாதகமாக மாற்றி ஞாபகம் வைத்துக்கொள்வேன்.

கூப்பிட்ட குடும்பங்களில் பாதிகூட வரவில்லை. தேவானந்தம் வந்திருந்தார். ஜோசலினின் அண்ணன். மனைவியோடும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடும் முன்வரிசையில் உட்கார்ந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். முழுக்கைச் சட்டை, மெல்லிய குரல். நான் மனசில் வரைந்து வைத்திருந்த வில்லன் போல இல்லவே இல்லை.

நாடகம் பிரமாதமாக நடந்தது. அதுதான் வினை. கன்னியம்மா மாமியாராகி அரிவாள்மனையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு திரிந்தபோது கூடம் அதிரச் சிரித்தார்கள். பிறகு ஜோசலின் வந்தாள். தட்டுகளை வீசினாள். யாரோ கூப்பிடுவதைக் கேட்பது போல் தலையைச் சாய்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு கையை ஓங்கினாள். அவள் அண்ணி நாற்காலியை விட்டுப் பாதி எழுந்துவிட்டாள். ஜோசலின் முதுகைத் திருப்பினாள். ஒரு மூச்சு. திரும்பி, "அண்ணி, காபி போடவா?" என்று கேட்டாள்.

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. நான் தேவானந்தத்தைப் பார்த்தேன். அவர் தட்டவில்லை. சட்டைக் கையை மேலே தள்ளிவிட்டு மணிக்கட்டுக்கு மேலிருந்த தழும்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

கிருபாவின் அறையில் உட்கார்ந்தோம். "மேடம், ஒண்ணு கேக்கலாமா?" என்றார் தேவானந்தம். "இத எவ்ளோ நாளா ப்ராக்டிஸ் பண்ணா?"

"ரெண்டு மாசம்கூட இல்ல சார்," என்றேன். பெருமையாக வேறு சொன்னேன், மடச்சி.

"ரெண்டு மாசத்துல இவ்ளோ தத்ரூபமா பண்ண முடியும்னா, அன்னைக்கு என் கையில குத்தினாளே, அது என்ன மேடம்? அதுவும் வேணும்னு பண்ணதுதானா?"

இல்லை சார், அது நோய், இது நடிப்பு என்று ஆரம்பித்தேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. "சரி, அது நோய்னே வச்சிக்கலாம். அப்ப காபி போடவான்னு கேட்டாளே, அது? ஒரு செகண்ட்ல அப்படி மாறுறா. நாளைக்கு எங்க வீட்ல நின்னு அதே மாதிரி சிரிச்சா நான் எத நம்பறது? வீட்ல வயசுப் பொண்ணு இருக்கு மேடம்."

டீ குடிக்கக் கூப்பிட வந்த ஜோசலின் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் ஒப்பனை கலையவில்லை. எல்லாம் கேட்டிருக்கிறது.

"அண்ணா, அம்மாவ ஒரேயொரு தரம் பார்த்துட்டு வந்துடறேன்," என்றாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

அண்ணி கணவர் பக்கம் சாய்ந்து மெதுவாகத்தான் சொன்னாள். எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "பாருங்க, உடனே கண்ணுல தண்ணி வருது."

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. கணவர் ஷ்யாம் மறைமலை நகரிலிருந்து பொரியும் ஸ்வீட் பாக்ஸுமாக வந்தார். ஃபேக்டரியில் எந்திரத்துக்கெல்லாம் பொட்டு வைத்தார்களாம். நீ எதற்குப் பொட்டு வைத்தாய் என்று கேட்டார். எதற்கு வைப்பது? என் ஆயுதம் என்ன செய்தது என்று நேற்றுப் பார்த்தாயிற்று.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. பள்ளியில் நாடக ஆசிரியையாக இருபது வருஷம் பிள்ளைகளுக்கு ஒரே பாடத்தைத்தான் நடத்தினேன்: யாரும் யாராகவும் ஆகலாம். அந்த அண்ணன் ஒன்பது வருஷமாகப் பயந்துகொண்டிருப்பதே அதற்குத்தானே? மேடை போட்டு, விளக்கு வைத்து, அவரை முன்வரிசையில் உட்கார வைத்து அதையே நிரூபித்துக் காட்டியிருக்கிறேன். டாக்டர் வேண்டாம் என்றாரே. அவர் சொன்ன காரணம் வேறு. ஆனால் வேண்டாம் என்றார்.

தேவானந்தம் மேல் கோபப்படப் பார்க்கிறேன், வரவில்லை. அந்தத் தழும்பு நிஜம்.

அக்டோபர் 16, புதன்

மழை. எல்லாவற்றுக்கும் லீவு. ஷ்யாம் வீட்டில் இருந்தார். செய்தி பார்த்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டேவிட்டேன்: "ஜோசலினை நம்மாத்துக்குக் கூட்டிண்டு வந்துட்டா என்ன?"

டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "வரட்டுமே. உமேஷ் ரூம் சும்மாதானே கிடக்கு," என்றார். பையன் பெங்களூர் போனதிலிருந்து அந்த அறை பூட்டித்தான் கிடக்கிறது.

சமையலறைக்குப் போய் நின்றேன். அவர் முடியாது என்பார், அவர் மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்ற தைரியத்தில் கேட்டிருக்கிறேன் போல. சரி என்றதும் என் கண் எங்கே போயிற்று தெரியுமா? அடுப்பு மேடையில் இருக்கும் கத்தி ஸ்டாண்டுக்கு. எதை வைத்து ஊரைச் சிரிக்க வைத்தேனோ, அதற்கு.

சீ. இதை யாரிடம் சொல்வது.

ஷ்யாம் மறுபடி அதைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் பேசவில்லை.

அக்டோபர் 19, சனி

இல்லத்துக்குப் போகவில்லை. தெருவில் தண்ணீர் தேங்கியிருக்கிறது என்று கிருபாவுக்கு மெசேஜ் போட்டேன். தேங்கவில்லை.

நவம்பர் 9, சனி

தீபாவளியைச் சாக்குச் சொல்லி இன்னும் இரண்டு வாரம் ஓட்டியாயிற்று. இன்றைக்குத்தான் போனேன்.

வட்டமாக உட்கார்ந்தோம். எளிய பயிற்சிதான், பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்த்து அதே போல் செய்வது. ஜோசலின் முறை வந்தது. செய்யவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தாள். முகத்தில் ஒன்றுமே இல்லை, துடைத்துவிட்ட சிலேட்டு போல.

"இன்னா ஜோசலினு, செல மாதிரி குந்திக்கினு கீற?" என்று கன்னியம்மா இடித்தாள். அதற்கும் அசையவில்லை.

வகுப்பு முடிந்ததும் கேட்டேன். உடம்பு சரியில்லையா? கோபமா?

"இல்லக்கா. இனிமே நான் முகத்துல எதையும் காட்டறதா இல்ல. அண்ணன் எப்ப வந்தாலும் ஒரே மாதிரி இருக்கப் போறேன். சிரிக்காம, அழாம. அப்பதான் இது நடிப்பு இல்லன்னு அவனுக்குத் தெரியும்."

முகத்தில் காட்டுவதெல்லாம் நடிப்பாகிவிடாது என்று ஏதேதோ சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். "உங்களுக்கு அது சரிக்கா. நீங்க அழுதா, அபி அக்கா அழறாங்கன்னு சொல்வாங்க."

மூச்சைக் கட்டவும் முகத்தை அடக்கவும் சொல்லிக்கொடுத்தவள் நான். எவ்வளவு சுத்தமாகச் செய்கிறாள்!

நவம்பர் 21, வியாழன்

கிருபா போன் செய்தாள். டாக்டர் ஜோசலினுக்கு மாத்திரையைக் கூட்டிவிட்டார். சிரிப்பதில்லை, யாரோடும் சேருவதில்லை, முகத்தில் உணர்ச்சியே இல்லை, நோய் திரும்புகிற அறிகுறி என்றாராம்.

டாக்டருக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் கொட்டினேன். மனுஷர் முழுக்கக் கேட்டார், அதைச் சொல்ல வேண்டும்.

"மேடம், எனக்குத் தெரிஞ்சது கண்ணால பாக்கறதுதான். அதை வச்சுத்தான் மருந்து குடுக்க முடியும்."

"அவ வேணும்னேதான் அப்படி இருக்கா டாக்டர்."

"நாள் முழுக்க, வாரக்கணக்கா ஒருத்தர் வேணும்னே அப்படி இருந்தா, அதை நல்ல அறிகுறின்னு சொல்வீங்களா?"

உணர்ச்சி காட்டினால் நடிப்பு, காட்டாவிட்டால் நோய். இரண்டுக்கும் நடுவில் ஒரு மனுஷி நிற்க எவ்வளவு இடம் இருக்கிறது? நானும் தேடிப் பார்க்கிறேன்.

நவம்பர் 30, சனி

புயல். கரண்ட் இல்லை. வகுப்பும் இல்லை.

டிசம்பர் 25, புதன்

வாழ்த்துச் சொல்ல கிருபாவைக் கூப்பிட்டேன். தேவானந்தம் இல்லத்தில் எல்லோருக்குமாகப் பெரிய கேக் அனுப்பியிருக்கிறாராம். ஜோசலின் தன் துண்டைக் கன்னியம்மாவிடம் கொடுத்துவிட்டாளாம். "டோஸ் கூட்டினதுலேர்ந்து நல்லா தூங்கறா மேடம்," என்றாள் கிருபா, நல்ல செய்தி சொல்கிறாற்போல்.

கிறிஸ்துமஸுக்கு வீட்டில் இருப்பேன் என்றவள். தூங்கட்டும்.

2025 ஜனவரி 22, புதன்

ஜோசலினின் அம்மா வேதசிரோமணி டீச்சர் நேற்று இறந்துபோனார்.

தேவானந்தம் கிருபாவிடம் சொன்னாராம்: கூட்டி வாருங்கள், அடக்கம் முடிந்ததும் கூட்டிப்போய்விடுங்கள், கூடவே ஓர் ஆள் இருக்க வேண்டும். அந்த ஆளாக நான் போனேன்.

கால் டாக்ஸியில் போனோம். தெருமுனைச் சுவரொட்டியில் அம்மாவின் படம், 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்'. ஜோசலின் அதைப் படித்தாள். வீட்டு வாசலில் இறங்கியதும், "காம்பவுண்டை ஒசத்திட்டாங்க," என்றாள். அவ்வளவுதான்.

கூடத்தில் சவப்பெட்டி. சுற்றிலும் பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். இவள் உள்ளே வந்ததும் பாட்டு ஒரு கணம் தேய்ந்து மறுபடி எழுந்தது. ஜோசலின் பெட்டியருகே போனாள். கழுத்தருகில் அம்மாவின் சேலை மடிப்பு புரண்டிருந்தது, அதைச் சரிசெய்தாள். பின்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நவம்பரில் பார்த்த அதே முகம். சர்ச் ஐயர் ஜெபம் செய்தார், பேத்தி கதறினாள், பெட்டியை மூடினார்கள். இவள் இமை மட்டும் அசைந்தது. அவளுடைய விரல்களை நான் பார்த்தேன். மேல்கையைப் பிடித்திருந்த இடத்தில் நகம் பதிந்திருந்தது. அதை வேறு யாரும் பார்க்கவில்லை.

பின்னால் பேசிக்கொண்டார்கள்.

"பெத்த தாய் போயிருக்கு, ஒரு சொட்டுக் கண்ணீர் வரல பாத்தியா?"

"பாவம், இன்னும் சரியாகல."

"தேவானந்தம் செஞ்சதுதான் சரி."

தேவானந்தம் சுவரில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். எத்தனை நாள் பயிற்சி எடுத்தீர்கள் என்று அவரை யாரும் கேட்கவில்லை. கிளம்பும்போது என் பக்கத்தில் வந்து நின்றார். "இப்பவாவது புரியுதா மேடம்?" குத்தலாகக் கேட்கவில்லை. களைத்துப்போய்க் கேட்டார்.

வாய் வரைக்கும் வந்தது. சார், அவள் உங்களுக்காக அடக்கிக்கொண்டு நிற்கிறாள். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம்? அவள் நடிக்கிறாள் என்று நானே என் வாயால் சொல்லிக்கொடுத்ததாக ஆகாதா? பேசாமல் வந்துவிட்டேன்.

ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல் தாண்டி வண்டி திரும்பியது. ஜோசலின் என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, இப்ப அழலாமா? அங்க போய் அழுதா டாக்டர்கிட்ட சொல்லிடுவாங்க."

வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னேன். எவ்வளவு நேரம் ஆகும் மேடம் என்றார் டிரைவர். தெரியாதுங்க என்றேன். அவர் இறங்கிக் கதவைச் சாத்திவிட்டுப் போய் ஒரு டீக்கடை முன்னால் நின்றுகொண்டார்.

பிப்ரவரி 8, சனி

நிரந்தரமாகத் தங்குகிறவர்கள் இருக்கும் பின்கட்டுக்கு ஜோசலினை மாற்றிவிட்டார்கள். தேவானந்தம் சம்மதித்துவிட்டாராம். ஜோசலினும் கையெழுத்துப் போட்டாளாம். ஏன் போட்டாய் என்று நான் கேட்கவில்லை. உமேஷ் அறையைத் திறந்து வைத்துவிட்டு அல்லவா அதைக் கேட்க வேண்டும்.

மார்ச் 15, சனி

நாடகம் எடுப்பதில்லை இப்போது. பேப்பர் படிக்கிறோம், பூ கட்டுகிறோம். விட்டுவிடலாம் என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நினைக்கிறேன். சனிக்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறேன்.

இன்று தாம்பரம் பக்கத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து மாணவிகள் வந்திருந்தார்கள். சமூகப்பணி படிக்கிறவர்கள். கிருபா வேலையாக இருந்ததால், "ஜோசலின், கொஞ்சம் சுத்திக் காமி," என்றாள். இஸ்திரி போட்ட காட்டன் சேலை, இழுத்துப் பின்னிய தலை. அவள் முன்னால் நடக்க, பிள்ளைகள் பின்னால் போனார்கள். நானும் போனேன்.

கண்ணாடி போட்ட ஒரு பெண் கேட்டாள்: "நீங்க இங்க ஸ்டாஃபா மேடம்?"

"ஆமாம்மா."

குரல் எங்கும் தடுமாறவில்லை. பூ கட்டிக்கொண்டிருந்த கன்னியம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் மறுபடி பூ கட்டத் தொடங்கினாள்.

"ரொம்ப வருஷமாவா?"

"அது ஆச்சு, ஒம்போது பத்து வருஷம்."

"இவங்களோட இருக்கறது கஷ்டமா இல்லையா மேடம்? பயமா இருக்காதா?"

"பழகிடும்மா. எல்லாரும் நல்லவங்கதான்." ஜோசலின் சிரித்தாள். நெற்றியில் விழுந்த முடியைக் காதோரம் ஒதுக்கிக்கொண்டாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்த முகத்தில் சிரிப்பைப் பார்க்கிறேன்.

"வீடு பக்கத்துலயா?"

"சேலையூர். அம்மா தனியா இருப்பாங்க. ஆறு மணியானா நான் கிளம்பிடுவேன்."

அந்தப் பெண் முழுவதுமாக நம்பினாள். போகும்போது ஜோசலின் தோளில் கைபோட்டு ஒரு செல்ஃபிகூட எடுத்துக்கொண்டாள். மாணவிகள் வேனில் ஏறும்வரை ஜோசலின் கேட்டருகே நின்று கையசைத்தாள்.

ஆறு மணிக்கு மாத்திரைக்கு மணி அடித்தார்கள். ஜோசலின் உள்ளே போய் வரிசையில் நின்றாள். கன்னியம்மா கொஞ்சம் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டாள்.